வண்டி ஆறட்டும்

பழைய டிராக்டர்கள் விஷயத்தில் எல்லாமே தலைகீழாகிவிட்டது. அவற்றின் இரும்பு வார்ப்பு புதிதாக, உறுதியாக இருந்த காலத்தில் அதைத் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, பயந்து பயந்து ஓட்டினோம். நாற்பது வருஷம் சூடேறி ஆறி, அதிர்ந்து அலுத்துப்போன அதே வார்ப்பை இப்போது நிற்க விடாமல் விரட்டுகிறோம். அன்றைக்குப் பட்டறையில் டார்க் ரெஞ்ச் இல்லை, கூலண்ட் இல்லை, பல வண்டிகளில் ஹீட் மீட்டரின் முள்ளே அசையாது. இன்றைக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அபூர்வமாகப் பார்த்த உடைசலை இன்றைக்கு ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். ஹெட்டில் வால்வுக்கும் வால்வுக்கும் நடுவே விரிசல், மேனிபோல்டு இரண்டு துண்டு, கிளட்ச் ஹவுசிங்கின் காது உடைந்து தொங்குகிறது.

1980-களின் தொடக்கத்தில் மன்னார்குடிப் பக்கம் ஒரு டிராக்டர் பட்டறையில் பையனாகச் சேர்ந்தேன். இன்றும் அதே தொழில்தான். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிகிறது. வார்ப்பை உடைப்பது அவசரம். அந்த அவசரம் டிரைவருடைய குணத்திலிருந்து வருவதும் அல்ல. அவருடைய நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது.

டிராக்டரின் உடம்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். லாரிக்குச் சேஸிஸ் உண்டு. நீளமான எஃகுச் சட்டம் எல்லாப் பாரத்தையும் தாங்கும், எஞ்சின் அதன்மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கும். நம் வயல்களில் ஓடும் பெரும்பாலான பழைய டிராக்டர்களுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. முன் சப்போர்ட், எஞ்சின் பிளாக், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் என்று வரிசையாக வார்ப்புகள். ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கினால் அதுவே வண்டியின் முதுகெலும்பு. 1917-இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய போர்ட்சன் டிராக்டர் இந்த அமைப்பை உலகமெங்கும் கொண்டுபோனது. 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஹாரி பெர்குசனின் டிஈ20 வெளிவந்தது. பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்த வண்டிக்கும் இதே உடம்புதான். அதற்கு அடுத்து வந்தது 35. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே வழியாக அந்த வம்சம் நம்மூருக்கு வந்து, மாஸி 1035 என்ற பெயரில் டெல்டா முழுக்கச் சேறு அடித்தது.

ஆகவே டிராக்டரில் ஒரு வார்ப்பு விரிசல் விட்டால் ஏதோ ஒரு பாகம் கெட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வண்டியைத் தாங்குவதே அதுதான்.

அந்த வார்ப்பிரும்பில் கரி ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும். அது பெரும்பாலும் கிராபைட்டாக, மெல்லிய செதில் செதிலாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். அதனால்தான் அது அச்சில் நன்றாக ஓடி நிரம்புகிறது, அதிர்வை உள்வாங்கிக்கொள்கிறது, லேத்தில் சுலபமாக வெட்டுப்படுகிறது. அதே செதில்கள்தான் பலவீனமும். அமுக்கினால் வார்ப்பிரும்பு அசையாது. இழுத்தால், அமுக்கத்தில் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் தாங்கும். எஃகு உடைவதற்கு முன்னால் வளையும், நீளும், நமக்கு ஓர் எச்சரிக்கை கொடுக்கும். வார்ப்பிரும்பு வளையாது. அடுப்பில் காய்ந்த மண்சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் இதற்கும் ஆகும். ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது, நடுவில் விட்டுப்போகும்.

ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் குறுவைக்காக எல்லா வயலும் ஒரே வாரத்தில் சேற்றுழவு கேட்கும். அன்றும் அவசரம் உண்டு. இரவு வெளிச்சம் போட்டு உழுததும் உண்டு. ஆனால் அப்போது டிராக்டர் பெரும்பாலும் மிராசுதார் வீட்டு வண்டி. டிரைவருக்கு மாதச் சம்பளம், வேலை நாட்களில் பேட்டா, மதியம் சாப்பாடு. மதியம் அவர் சாப்பிடும் நேரத்தில் வண்டி புங்கமர நிழலில் நிற்கும். பல டிரைவர்கள் மாடு பூட்டி உழுதுவிட்டு டிராக்டருக்கு வந்தவர்கள். மாட்டை உச்சி வெயிலில் உழ வைக்கக் கூடாது என்ற வழக்கம் டிராக்டர் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டி நின்றதற்காக அவர்கள் கூலி குறையவில்லை.

அந்த நாட்களில் எஞ்சின் கொதித்தால் என்ன செய்வார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறும். டிரைவர் உழவை நிறுத்தி, கலப்பையைத் தூக்கி, எஞ்சினை அணைக்காமல் ஸ்லோவில் விட்டு இறங்குவார். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் முழுக்க வற்றியிருந்தாலோ மட்டும்தான் உடனே அணைப்பார். மூடியில் கை வைக்க மாட்டார். சீறல் அடங்கி, மேல் ஹோஸை அமுக்கினால் கைக்கு மெத்தென்று இருக்கும்வரை காத்திருப்பார். அப்புறம் நனைந்த சாக்கை மூடிமேல் போட்டு ஒரு திருப்பு, நிறுத்தி, மறுபடி ஒரு திருப்பு. வற்றாத வண்டியாக இருந்தால் எஞ்சின் ஓடும்போதே மெல்லிய தாரையாகத் தண்ணீர் விடுவார். உள்ளே ஓடும் சூட்டுத் தண்ணீரோடு அது கலந்து போக வேண்டும். வற்றிப்போன வண்டி என்றால் பிளாக்கில் கை வைத்துத் தாங்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை ஒரு சொட்டும் விட மாட்டார்.

எங்கள் மேஸ்திரி பட்டறைக்கு வரும் டிரைவர்களிடம் இதை ஓயாமல் சொல்லுவார். “அண்ணே, எரிஞ்சு நிக்கிற வண்டியில பச்சத் தண்ணிய ஊத்திடாதீங்க. வண்டி ஆறட்டும். வாய்க்கா எங்கயும் ஓடிப் போயிடாது.” அவர் படித்தவர் இல்லை. ஆனால் ஹெட்டின் அடிப்பக்கம் ஒரு தடவை விரிசல் விட்டால், சிலிண்டருக்குள் தண்ணீர் போகும், எண்ணெய் வெளுத்துக் கலங்கும், பேரிங் போகும் என்ற வரிசை அவருக்கு விரல்நுனியில் இருந்தது.

இன்று அதே 1035 மூன்றாவது, நான்காவது கைக்கு மாறி வாடகைக்கு ஓடுகிறது. பின்னால் ரோட்டவேட்டர். மணிக் கணக்கு. வயல்காரர் வரப்பில் நின்று போனில் நேரம் பார்க்கிறார். உழவு ஓடிய மணிக்குத்தான் காசு, நின்ற நேரத்துக்கு இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார், டிரைவருக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார். எஞ்சின் கொதித்தால் டிரைவர் பக்கத்து வாய்க்காலில் குடத்தை முக்கி அப்படியே ஊற்றுகிறார். அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் சரியாகச் சொல்லுகிறார். “தெரியும்ணே. அரை மணி நிறுத்தினா அந்த ஆளு அடுத்த வண்டிய கூப்பிட்டுடுவாரு.” அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்கு அரை மணி நேரம் கொடுக்க யாரும் இல்லை.

தண்ணீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் ரேடியேட்டர் அடியில் ஒரு சிறு திருகுக் குழாய், பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொன்று இருக்கும். இங்கிலாந்துக் குளிரில் இரவில் தண்ணீரை வடித்துவிடுவதற்காக வந்த ஏற்பாடு அது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கும். மூடிய பிளாக்குக்குள் அப்படிப் பெருத்தால் வார்ப்பிரும்பு தாங்காது. குளிர்நாடுகளில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களின் முதல் பயம் இன்றும் அதுதான். பனிக்காலத்துக்கு முன் வடிப்பார்கள், இல்லையென்றால் உறையாத கூலண்டை ஊற்றுவார்கள். நம் டெல்டாவில் தண்ணீர் உறையாது. ஆனாலும் மேஸ்திரி அந்தப் பிளாக் குழாயைத் திறக்காமல் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை. நம்மூர்ப் பகை வேறு. போர்த் தண்ணீரின் உப்பும், வாய்க்கால் தண்ணீரின் வண்டலும்.

அந்தக் குழாயைத் திறந்தால் பாதி வண்டிகளில் தண்ணீரே வராது. ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால், செந்நிறச் சேறு குழம்பாக வழியும். சிலிண்டரின் பின்பகுதியைச் சுற்றி அடியில் தங்கிய வண்டல் அது. மேலே சிலிண்டர் சுவரில் வெள்ளையாக உப்புக் காரை படிந்திருக்கும். இரும்பு கடத்துகிற சூட்டில் சிறு பங்கைத்தான் அந்தக் காரை கடத்தும். மீட்டர் முள் நடுவில் நிற்கும், தண்ணீரும் சூடாகத் தெரியாது. ஆனால் காரைக்கு அந்தப் பக்கம் வார்ப்பு எரிந்துகொண்டிருக்கும். ஹெட்டில் வால்வுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள ஒடுக்கமான பாலத்தில்தான் முதலில் விட்டுப்போகும். அதனால்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றச் சொன்னார்கள், நல்ல கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றச் சொன்னார்கள். அதற்கும் நேரம் வேண்டும். இன்றைக்கு கூலண்ட் கடையில் கிடைக்கிறது. துருவையும் காரையையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால் உள்ளே கிடக்கும் பழைய சேற்றைக் கழுவாமல் அதன்மேல் புதுக் கூலண்டை ஊற்றினால் பயன் இல்லை. குழாயைத் திற, கம்பி விட்டுக் குத்து, எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவு, தெளிந்து வரும்வரை விடு. ஒரு முற்பகல் வேலை. அந்த முற்பகலைத்தான் யாரும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது முறுக்கு. ஹெட்டை இறக்கி நட்டுப் போடும்போது நடுவில் தொடங்கிக் குறுக்கும் மறுக்குமாக வெளியே வர வேண்டும். ஒரே சுற்றில் முழுமுறுக்கும் கொடுக்கக் கூடாது. முதல் சுற்றில் உட்கார வைப்பது, இரண்டாவதில் இறுக்குவது, மூன்றாவதில் கணக்குக்குக் கொண்டுவருவது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, மறுபடி ஒரு தடவை பார்ப்பது. மேஸ்திரியிடம் டார்க் ரெஞ்ச் கிடையாது. ஒரே நீளமுள்ள ரிங் ஸ்பேனர், ஒரே ஆள், ஒரே கை. வேறொருவர் கையை நடுவில் விட மாட்டார். ஸ்பேனரில் பைப் மாட்டி இழுப்பதைக் கண்டால் பையன்களை வெளியே அனுப்பிவிடுவார்.

அதைவிட அவர் கண்டிப்பாக இருந்த விஷயம் ஸ்டட் இறங்கும் ஓட்டைகள். அடி மூடிய ஓட்டை ஒன்றில் கொஞ்சம் தண்ணீரோ எண்ணெயோ நின்றால்கூடப் போதும். திரவம் அமுங்காது. மேலிருந்து ஸ்டட் இறங்க இறங்க அது பக்கவாட்டில் பிளாக்கைத் தள்ளும். முறுக்கு ஏறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஓட்டையின் சுவர் பிளந்திருக்கும். அதனால் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் முனையில் வேஸ்ட் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு ஓட்டையாக விட்டு எடுப்பார். பஞ்சு காய்ந்து வரும்வரை எடுப்பார். அப்புறம் கம்பியை மறுபடி விட்டு, ஆழத்தை நகத்தால் அடையாளம் பிடித்து, அடுத்த ஓட்டையோடு ஒப்பிடுவார். ஒன்றில் கம்பி குறைவாக இறங்கினால் அடியில் கரியோ பழைய உடைசலோ கிடக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. இன்று என் பட்டறையில் கம்ப்ரஸர் இருக்கிறது, ஒரே ஊதலில் ஓட்டை காய்ந்துவிடுகிறது. ஆனாலும் அந்த ஸ்போக்ஸ் கம்பியை நான் விடவில்லை. காற்றுக்கு ஆழம் அளக்கத் தெரியாது.

இன்று பல இடங்களில் ஹெட் நட்டையே ஏர் கன் வைத்து இறுக்குகிறார்கள். சத்தம் போட்டு இரண்டு நிமிடத்தில் முடிகிறது. எந்த நட்டில் எவ்வளவு ஏறியது என்று ஏர் கன்னுக்கும் தெரியாது, பிடித்தவருக்கும் தெரியாது. கழற்றுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். வார்ப்பை இறுக்குவதற்குக் கையும் டார்க் ரெஞ்சும்தான்.

மேனிபோல்டில் இன்னொரு நுட்பம் உண்டு. வார்ப்பிரும்பு சூடேறினால் நீளும். 40 செ.மீ. நீளமுள்ள மேனிபோல்டு 400 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் நீளும். ஹெட் அந்த அளவு சூடேறாது, அதனால் அவ்வளவு நீளாது. மேனிபோல்டு அந்த வித்தியாசத்துக்கு நகர இடம் வேண்டும். புகை ஒழுகுகிறது என்று நட்டை மேலும் மேலும் இறுக்கினால் அது நகர முடியாமல் நடுவில் உடையும். முகம் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமமாக வெட்டி, புது பேக்கிங் போட்டு, அளவான முறுக்கோடு விட வேண்டும். பாரமான உழவு முடிந்ததும் சாவியை உடனே இழுத்து அணைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் ஸ்லோவில் ஓட வேண்டும். ஹெட், மேனிபோல்டு, பிளாக் எல்லாம் சேர்ந்தாற்போல் சூடு இறங்க வேண்டும். அதேபோல் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ரோட்டவேட்டரை இறக்கிவிடக் கூடாது.

கிளட்ச் வேலைக்கு வண்டியை இரண்டாகப் பிரிப்பது டிராக்டர் பட்டறையில் அன்றாட வேலை. எஞ்சினும் முன்சக்கரமும் ஒரு பாதி, கியர்பாக்ஸும் பின்சக்கரமும் ஒரு பாதி. பிரிப்பது சுலபம், சேர்ப்பதில்தான் காது உடையும். கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாப்ட்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் சரியாகப் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் இரண்டு பாதிக்கும் நடுவே விரற்கடை இடைவெளி நிற்கும். அந்த இடத்தில்தான் கை பரபரக்கும். நீள போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். போல்ட் இழுக்கும், ஷாப்ட் முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் அகப்பட்ட ஹவுசிங்கின் காது பட்டென்று போகும்.

மேஸ்திரி அந்த நேரத்தில் ஸ்பேனரைத் தொடவே விட மாட்டார். இரண்டு பக்கமும் தலை இல்லாத நீள ஸ்டட்டை வழிகாட்டியாகப் போடச் சொல்லுவார். ஜாக்கை அரைத் திருப்பு ஏற்றி, அரைத் திருப்பு இறக்கி, இடைவெளியில் மேலும் கீழும் ஒரே தகட்டை விட்டுப் பார்ப்பார். மேலே தகடு இறுகி, கீழே தளர்ந்தால் மட்டம் தப்பியிருக்கிறது. மட்டம் வந்ததும் ஒரு பையனைப் பின்னால் அனுப்புவார். “தம்பி, பி.டி.ஓ.வ கியர்ல போட்டு ஷாப்ட்ட மெதுவாத் திருப்பு. நான் நிறுத்தச் சொன்னா நிறுத்து.” பையன் திருப்புவான். ஏதோ ஒரு கணத்தில் பல்லோடு பல் சேரும், எதிரே இருக்கும் பாதி தானாக உள்ளே வந்து முகத்தோடு முகம் ஒட்டும். கையால் தள்ளினாலே வரும். அதற்குப் பிறகுதான் போல்ட். போல்ட்டின் வேலை இரண்டு முகமும் ஒட்டிய பிறகு பிடித்துக்கொள்வது மட்டும்தான், இழுத்துக்கொண்டு வருவது அதன் வேலை இல்லை. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

பட்டறையில் செய்ததை வயலில் கெடுக்கும் வேலைகளும் உண்டு. சேற்றுக்காகக் கேஜ் வீல் மாட்டிய வண்டி வயலுக்கு வயல் போக வரப்பைத் தாண்ட வேண்டும். டயர் கொஞ்சம் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் எதையும் வாங்காமல் அப்படியே ஆக்சிலுக்கு அனுப்பும். அன்று வரப்பை மண்வெட்டியால் வெட்டி வழி விட்டு, வண்டி போன பிறகு மறுபடி அணைத்தார்கள். இன்று வெட்ட ஆள் இல்லை, வரப்பு மேலேயே ஏற்றி அந்தப் பக்கம் தொப்பென்று இறக்குகிறார்கள். ஆக்சில் ஹவுசிங் ஒவ்வொரு வரப்பிலும் அந்த அடியை வாங்குகிறது. முன்னால் மண் தள்ளும் பிளேடு மாட்டுவது இன்னொன்று. அதைத் தாங்கும் சட்டத்தைப் பின் ஆக்சில்வரை கொண்டுபோய்ப் பிடித்திருக்க வேண்டும். முன் சப்போர்ட்டில் மட்டும் நான்கு போல்ட் போட்டுத் தொங்கவிட்டால், மண்ணில் மோதும் ஒவ்வொரு அடியும் பிளாக்கின் முன்முகத்துக்கே போகும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, தளர்ந்த போல்ட். இரண்டு வார்ப்பு சேரும் இடத்தில் ஒரு போல்ட் தளர்ந்தால் அந்த இணைப்பு ஒவ்வொரு அதிர்விலும் திறந்து மூடும். அந்த போல்ட்டின் பங்கைப் பக்கத்து ஓட்டைகள் சுமக்கும். அங்கேதான் விரிசல் பிறக்கும். சேர்மானத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புக் கோடாகக் கசிந்திருந்தாலோ, போல்ட் தலையைச் சுற்றித் துருத்தூள் செந்தூளாகத் தெரிந்தாலோ, அது அசைகிறது என்று அர்த்தம். அன்று ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது இதெல்லாம் கண்ணில் படும். கழுவுகிறவர் கையோடு ஸ்பேனரும் இருக்கும்.

விரிசல் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் வண்டியைக் காப்பாற்றலாம். முதலில் சுத்தியலால் லேசாகத் தட்டிக் கேட்க வேண்டும். கழற்றி வைத்த நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று அடங்கும். சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெயும் சுண்ணாம்புக் கட்டியும் போதும். இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும். பிறகு துணியால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியை மேலே தேய்த்து வெள்ளையாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளையில் ஒரு கறுத்த கோடு எழும்பும். முதலில் நடுவில் மெல்லியதாக, பிறகு இரண்டு பக்கமும் நீளும். கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் விரிசலின் முனை. அந்த முனையில், கொஞ்சம் தள்ளியே, டிரில் பிட்டால் ஓர் ஓட்டை போட வேண்டும். கூரான முனையில்தான் இழுப்பு முழுவதும் குவியும். வட்டமான ஓட்டையில் அது பரவிப்போகும், விரிசல் அதற்கு மேல் ஓடாது.

ஒட்டுவதிலும் அன்றைய முறை பொறுமைதான். ஓட்டை போட்டு, விரிசலை வாய்க்காலாக வெட்டி, வார்ப்பு முழுவதையும் கரி நெருப்பில் வைத்துச் சூடாக்குவார்கள். தண்ணீர் தெளித்தால் துளி துள்ளி ஓடும் அளவுக்குச் சூடு வர வேண்டும். நிக்கல் ராடு வைத்து ஒரு அங்குலம் ஒட்டி, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி, அடுத்த அங்குலம். முடிந்ததும் சூளைச் சாம்பலில் புதைத்துவிட்டு மறுநாள்தான் தோண்டி எடுப்பார்கள். இன்று நல்ல ராடும் நல்ல வெல்டிங் மெஷினும் வைத்துக்கொண்டு, வார்ப்பைச் சூடாக்காமல், ஒரே இழுப்பில் ஒட்டி, தண்ணீர் ஊற்றி ஆற வைத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுக்குப் பக்கத்திலேயே, ஒட்டுக்கு இணையாக, புது விரிசல் ஒன்று ஓடியிருந்தது.

உடைந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. இப்போது பல பழைய மாடல்களுக்கு ஹவுசிங் கடையில் கிடைப்பதில்லை. உடைத்து விற்கும் வண்டிகளில் தேட வேண்டும். அங்கே கிடைப்பதும் இதே பாடுபட்ட வார்ப்புதான். நம்மிடம் இருப்பது உடைந்தால், இருக்கும் இருப்பில் ஒன்று குறைகிறது. புது வண்டிக்குக் கடன் வாங்க முடியாத சின்ன விவசாயிக்கும், சொந்த வண்டி என்று ஒன்றை வைத்துப் பிழைக்கும் டிரைவருக்கும், இந்தப் பழைய வண்டிகள்தான் கதி.

அதனால் வண்டிக்குச் சொந்தக்காரர்களிடமும், வாடகைக்குக் கூப்பிடும் வயல்காரர்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். டிரைவருக்கு அறிவுரை சொல்லி இது தீராது, அவருக்கு எல்லாம் தெரியும். காலையில் சூடேற்றும் ஐந்து நிமிடம், முடிந்ததும் ஸ்லோவில் விடும் ஐந்து நிமிடம், கொதித்தால் ஆற விடும் அரை மணி, இவற்றுக்கும் கூலி உண்டு என்று வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். வயல்காரரும் அதில் பாதியை ஏற்றுக்கொள்ளட்டும், அவர் வயல் நடுவில் வண்டி உடைந்து நின்றால் அவருக்கும்தான் நடவு தள்ளிப்போகிறது. வருஷத்துக்கு ஒரு நாள், மேட்டூர் திறப்பதற்கு முன், தண்ணீர்ப் பாதையைக் கழுவவும் சேர்மானப் போல்ட்டுகளைப் பார்க்கவும் சுண்ணாம்பு தேய்த்துப் பார்க்கவும் என்று ஒதுக்குங்கள். அந்த ஒரு நாள் டிரைவரும் பட்டறையில் கூட இருக்கட்டும், அன்றைக்கும் அவருக்குச் சம்பளம் போடுங்கள். டீசலுக்கும் எண்ணெய்க்கும் கணக்கு எழுதும் அதே நோட்டில் நின்ற நேரத்துக்கும் ஒரு பத்தி போடுங்கள். ஒரு ஹவுசிங் தேடி அலைந்த செலவைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எது மலிவு என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.